கேட்டதும் நினைத்ததும்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லடிப் பழைய பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிலவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்கவில்லையே என்று திரும்பிப் போகிறார்கள். அவர்கள் காதில் குறை ஒன்றுமில்லை. நீருக்குள் பிறக்கும் ஒலி மேல்மட்டத்தை வந்து முட்டியதும் அநேகமாக முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்களவுதான் காற்றுக்கு ஏறும். அதைக் கேட்க வேண்டுமானால் காதுக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இல்லாத ஒரு வழி வேண்டும். அந்த வழியை எங்கள் தோணிக்காரர்கள் எந்தக் காலத்திலோ கண்டுபிடித்துவிட்டார்கள். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியின் நுனியைக் காதடி எலும்போடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். நீரின் அதிர்வை மரம் வாங்கி எலும்புக்குக் கொடுக்கும். எலும்பு காதுக்குக் கொடுக்கும்.

நான் கல்லடியில் வயலின் சொல்லிக்கொடுக்கிறவன். பகலில் பிள்ளைகளுக்குச் சுருதி சேர்க்கப் பழக்குவதும், கச்சான் காற்று ஓய்ந்த இரவுகளில் தோணியில் போய்த் துடுப்பில் காது வைப்பதும் எனக்கு ஒரே தொழிலின் இரண்டு பாதிகள். முதற் பாதியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டாவது பாதியைத் தொடர்ந்து செய்கிறவர்கள் குறைவு. அது எனக்கு என்ன செய்தது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

இதைப் பழக்கியவர் என் பெரியப்பா. வாவியில் வீச்சுவலை போட்டே பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர். சங்கீதம் படித்தவரல்லர். வலை வீசுவதற்கு முன் தோணியை நிறுத்தி, துடுப்பை இறக்கி, கொஞ்சநேரம் காது வைத்திருப்பார். மீன் திரண்டு நிற்கிறதா, இறால் எந்தப் பக்கம் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. பாட்டுக் கேட்கிறதா என்று நான் அவசரப்படுத்தியபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “தேடாத மனே. தேடினா, நீ தேடுற சத்தந்தான் கேக்கும். சும்மா இரி.”

அந்தச் ‘சும்மா இரி’ என்பது இலேசான வேலையல்ல என்பது துடுப்பைக் கையில் வாங்கியவர்களுக்குத் தெரியும். முதலில் கேட்பது உங்களைத்தான். தாடை எலும்பு இறுகியிருந்தால் அந்த இறுக்கமே ஓர் இரைச்சலாகக் கேட்கும். பிடியை அழுத்திப் பிடித்தால் விரல் தசையின் நடுக்கம் மரத்தில் ஏறும். எச்சில் விழுங்கினால் அதுதான் அப்போதைக்கு உலகத்திலேயே பெரிய சத்தம். இவையெல்லாம் அடங்கக் கணிசமான நேரம் பிடிக்கும். பிறகு தோணியின் பலகைகள் தண்ணீரோடு உரசும் முனகல் தனியாகப் பிரியும். அதற்கும் அடியில், வாவியின் தரையிலிருந்து, இடைவிடாத ஒரு வெடிப்புச் சத்தம் வரும். தாளிக்கும்போது எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போல இருக்கும். அது ஒரு சிறிய இறால் இனம் தன் பெரிய கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம். உலகின் வெப்பக் கடல்கள் எல்லாவற்றிலும் கரையோரம் இந்தச் சத்தம் உண்டு. முதன்முறை வருகிறவர்களில் பலர் இதைக் கேட்டுவிட்டே மீன் பாடுகிறது என்று மகிழ்ந்து போய்விடுகிறார்கள்.

அந்த வெடிப்புக்கும் பின்னால் வேறொன்று உண்டு. எல்லா இரவும் இல்லை. வரும்போது அது தொடங்கியதாகத் தெரியாது. ஏற்கெனவே இருந்ததை நாம் இப்போதுதான் கவனித்தோம் என்றே தோன்றும். நீளமாக, நடுக்கமில்லாமல் நிற்கும் ஓர் ஒலி. அதற்குப் பக்கத்தில் சற்று உயர்ந்து இன்னொன்று. திசை சொல்ல முடியாது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். துடுப்பின் வழியாகவோ ஒரே ஒரு புள்ளியில் வந்து சேர்கிறது. இடது வலது என்று பிரித்துப் பார்க்கக் காதுக்கு வழியில்லை. எங்கிருந்து என்ற கேள்வியே அங்கே செல்லுபடியாகாது. இருக்கிறது என்பது மட்டும் மிஞ்சும்.

1848இல் மட்டக்களப்புக்கு வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இதைக் கேட்டு எழுதிவைத்தார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழும் ஒலியை அவர் அதற்கு உவமை சொன்னார். ஒரே சுரமாக இல்லாமல், தனித்தனியே தெளிவான பல சிறு ஒலிகளாகக் கேட்டதென்றும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அது பெருகியதென்றும் குறித்திருக்கிறார். ஊர் மக்கள் அவருக்குக் காட்டியது மீனையல்ல, ஊரி என்ற நீர்நத்தையை. அழும் ஊரி என்று அதற்குப் பெயர் சொல்லியிருக்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் புனித மிக்கேல் கல்லூரியின் அமெரிக்க யேசுசபைக் குருவான லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. பாடுவது எது என்பது இன்றைக்கும் முடிந்த முடிவாகவில்லை. மீனா, ஊரியா, பல உயிர்களின் கூட்டொலியா என்ற வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த வழக்குத் தீராமல் இருப்பது என் பழக்கத்துக்கு ஒருவகையில் நன்மை. பெயர் தெரிந்த ஒலியை நாம் கேட்பதில்லை, பெயரைத்தான் கேட்கிறோம். காகம் கரைந்தால் ‘காகம்’ என்று மனம் முத்திரை குத்தி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. சங்கீதக்காரர்களுக்கு இந்த நோய் இன்னும் கூடுதல். ஒலி வந்த கணத்திலேயே இது பஞ்சமம், இது நாலு கட்டைச் சுருதி, இதற்கு மேலே அந்தர காந்தாரம் வந்தால் இன்ன ராகம் என்று மனம் கட்டிக்கொண்டே போகும். கட்டி முடித்து நிமிரும்போது தண்ணீருக்குள் என்ன நடந்தது என்பது போய்விட்டிருக்கும். கேட்டுக்கொண்டிருந்தேன் என்றுதான் சத்தியம் செய்வோம். உண்மையில் கேட்டது முதல் இரண்டு நொடி. மிச்சம் முழுதும் நம்முடைய சொந்தச் சரக்கு.

இதனால்தான் ஒரு கொப்பி வைத்துக்கொண்டேன். விரித்தால் இடது பக்கம் ‘கேட்டது’, வலது பக்கம் ‘நினைத்தது’. தோணி கரைக்கு வந்ததும், யாரோடும் கதைப்பதற்கு முன்னால், ரோச்லைட் வெளிச்சத்தில் எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் வலது பக்கச் சரக்கு இடது பக்கத்துக்கு வந்துவிடும். ஒரு வைகாசி இரவுக்கு இடது பக்கத்தில் இருப்பது இது: “நீண்ட ஒலி. ஏறவுமில்லை இறங்கவுமில்லை. நான் பல மூச்சு விடும்வரை நின்றது. நின்றபிறகு இறால் வெடிப்பு மட்டும். மறுபடி அதே ஒலி, சற்றுத் தூரத்தில் போல, அல்லது சற்று மெல்லியதாக.” வலது பக்கத்தில்: “பஞ்சமம். அம்மா வாசலில் இருந்து தேவாரம் தொடங்குகிற சுருதி. கேட்டதும் அழுகை வந்தது. நாளைக்கு இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் நல்ல கதையாக இருக்கும்.”

அந்த இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடது பக்கத்தில் ‘சற்றுத் தூரத்தில் போல, அல்லது சற்று மெல்லியதாக’ என்று ஒரு தயக்கம் இருக்கிறது. தூரமா மெல்லியதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாதபடியே அங்கே எழுத முடிகிறது. வலது பக்கத்தில் தயக்கமே இல்லை. எல்லாம் உறுதி. எனக்குள் உறுதியாக இருப்பவை அநேகமாக வெளியிலிருந்து வந்தவையல்ல என்பதை அந்தக் கொப்பிதான் காட்டித் தந்தது. தன்னைத் தான் ஆராய்வது என்று பெரிய பெரிய நூல்கள் சொல்வதற்கு என் கைக்கு எட்டிய வடிவம் இது. கண்ணை மூடி ‘நான் யார்’ என்று கேட்டால் எனக்கு மறுமொழி வருவதில்லை. ஒரு சத்தத்தைக் கேட்டு, அதில் நான் எவ்வளவு கலந்தேன் என்று பார்த்தால் ஆள் பிடிபடுகிறான்.

கண்டி உடவத்தைக்கலைக் காட்டிலே நெடுங்காலம் வாழ்ந்த ஜெர்மனியத் துறவி ஞானபொனிக தேரர் 1954இல் வெளியிட்ட தியான நூலில் இதே வேலையைத்தான் முதற்படியாக வைத்தார். நிகழ்வதை நிகழ்ந்தபடி பதிவது. பிடித்தது பிடிக்காதது, நல்லது கெட்டது என்ற தீர்ப்பை அதன்மேல் ஏற்றாமல் நிறுத்திவைப்பது. இன்று நிகழ்காலத்தில் வாழுங்கள் என்ற அறிவுரை எல்லாப் பக்கமும் விற்கப்படுகிறது. களைப்புக்கு மருந்தாகவும் ஆறுதலாகவும் விற்கிறார்கள். அவர் சொன்னது ஆறுதலை அல்ல, உழைப்பை. வாவியில் இருந்தவன் என்ற முறையில் நான் அவர் பக்கம்தான்.

எங்கள் கரையிலேயே இதற்கு ஓர் ஆசான் இருந்தார். காரைதீவில் 1892இல் மயில்வாகனமாகப் பிறந்து, 1924இல் துறவு பூண்டு விபுலானந்தரானவர். அவரைத் தமிழ்ப் பேராசிரியராகவும் துறவியாகவும் நினைவுகூர்கிறோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே. அவர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும் பௌதிகமும் கணிதமும் கற்பித்தவர் என்பதையும் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. வாவியின் இசையை வைத்து ‘நீரரமகளிர் இன்னிசைப் பாடல்’ எழுதியவரும் அவர்தான். வழக்கொழிந்த யாழ்களின் நரம்புகளுக்கு அலைவெண் கணக்குப் போட்டு, ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்து ‘யாழ்நூல்’ எழுதியவரும் அவர்தான். ஒலியைப் பாட்டில் வியந்தவர், அதைக் கணக்கிலும் நிறுத்தினார். ஆனால் பாட்டைக் கணக்குக்குள்ளோ கணக்கைப் பாட்டுக்குள்ளோ போட்டுக் குழப்பவில்லை. என் கொப்பியின் இரண்டு பக்கங்களுக்கும் நான் எடுத்துக்கொண்ட அதிகாரம் அதுதான். யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். 1929இல் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவில், கல்லடியிலேயே, அவருடைய சமாதி இருக்கிறது. என் மாணவர்களில் பலர் அதைக் கடந்துதான் வகுப்புக்கு வருகிறார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதத் தூண்டியது.

கல்லடியில் என் தலைமுறைக்குக் காது சங்கீதத்துக்காகப் பழக்கப்படவில்லை. போர்க்காலத்தில் பாலத்தில் சோதனைச் சாவடி இருந்தது. கிழக்கே எழுவான்கரை ஒருவர் கையில், மேற்கே படுவான்கரை இன்னொருவர் கையில் என்று வாவியே எல்லைக்கோடாக நின்ற காலம் அது. இரவில் தண்ணீரில் இறங்கத் தடை வந்து வந்து போனது. வீட்டுக்குள் விளக்கணைத்துப் படுத்திருந்து கேட்பதுதான் எங்கள் இரவு. வரும் வாகனம் ஜீப்பா ட்ரக்கா என்று பத்து வயதுப் பிள்ளை சொல்லும். எந்த ஒழுங்கையில் நாய் குரைக்கிறது, அடுத்தது எந்த வளவு நாய் எடுக்கிறது என்பதை வைத்து ஆட்கள் எந்தப் பக்கமாக வருகிறார்கள் என்று கணக்குப் பார்ப்போம். மதகுக்குப் பக்கத்தில் நாய் குரைப்பதை நிறுத்தினால் அம்மா அப்பாவின் கையைப் பிடிப்பார். அவ்வளவு கூர்மையான காதுகள் இந்த நாட்டில் வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் அந்தக் காது ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. பயந்த காது இப்போது ஒலிப்பதைக் கேட்பதில்லை; அதற்கு அடுத்து என்ன வரப்போகிறது என்பதையே கேட்கும். நாய் குரைப்பு அதற்கு நாய் குரைப்பல்ல, வரப்போகும் காலடி. கதவு தட்டப்படுவதற்கு முன்னாலேயே கதவுச் சத்தம் அதற்குள் கேட்டுவிடும். இப்படி ஆண்டுக்கணக்கில் எதிர்காலத்துக்குள் காதை நீட்டிக்கொண்டே வாழ்ந்தவர்கள் நாங்கள். போர் ஓய்ந்த பிறகும் காது திரும்பி வரவில்லை. இன்றும் என் வயதுக்காரர்கள் பலர் இரவில் மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு முன் வேகம் குறைந்தால் கதையை நிறுத்திவிட்டு இருப்பதைக் காணலாம்.

அதோடு கடலும் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அன்று பௌர்ணமி. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம் எங்களுடையது. நாவலடியிலும் டச்பாரிலும் கல்லடிக் கரையிலும் அந்தக் காலை என்ன செய்தது என்பதை விரித்து எழுதமாட்டேன். ஆழிப்பேரலை போன பிறகு திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்தபடி நின்றது. படம் பார்த்தவர்களுக்கு அது தெரியும். எங்களுக்கு வேறொன்றும் சாய்ந்துபோனது. வாவியில் காது வைக்கத் தோதான இரவு பௌர்ணமி என்பது பெரியப்பா காலத்து வழக்கம். அதற்குப் பிறகு பௌர்ணமி வந்தால் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் சனம் தூங்காது. நானும் நெடுநாள் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை.

மறுபடி போனபோது முதலில் கேட்டது பாட்டல்ல. பாலத்துக்கு அப்பால், கடற்பக்கமிருந்து தரைவழியாகவும் நீர்வழியாகவும் வரும் தாழ்ந்த ஓர் ஒலி. கரையில் அலை உடைவதன் அதிர்வு. அது எப்போதும் அங்கே இருப்பது. முன்னர் நான் பொருட்படுத்தியதில்லை. அன்று அது துடுப்பின் வழியாக எலும்பில் ஏறியதும் உடம்பு எழுந்து ஓடத் தயாராகிவிட்டது. தோணி நடுத் தண்ணீரில் நிற்கிறது, ஓட இடமில்லை. கரைக்கு வந்து கொப்பியில் எழுதினேன். இடது பக்கம்: “தாழ்ந்த ஒலி. தூரம். ஒரே சீர்.” வலது பக்கம்: “கடல் எழும்புகிறது.”

அந்த இரண்டு வரியையும் பார்த்தபடி நெடுநேரம் இருந்தேன். இரண்டும் எனக்குள் ஒன்றாகவே வந்தவை. காகிதத்தில் மட்டும்தான் பிரிந்து கிடந்தன. அடுத்த இரவுகளிலும் அதே இரண்டு வரியைத்தான் எழுதினேன். போகப்போக இடது பக்கம் நீண்டது: “தாழ்ந்த ஒலி. நடுவில் சிறு நிறுத்தம். நிறுத்தத்துக்குப் பிறகு சற்று வலுக்கிறது. இறால் வெடிப்பு இதைவிட அருகில்.” வலது பக்கம் அதே இரண்டு சொல்லாகவே நின்று, பிறகு சில இரவுகளில் வெறுமையாக இருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. பயம் தனக்குரிய பக்கத்தில் இருக்கப் பழகிக்கொண்டது. இது எல்லோருக்கும் மருந்து என்றும் சொல்லமாட்டேன். அந்தக் காலையின் பாரம் தாங்க முடியாதவர்கள் மனநல வைத்தியரிடம் போகவேண்டும், போவதில் கூச்சப்படவும் கூடாது. எனக்கு என் காதைத் திருப்பித் தந்தது இந்த வேலை. அதை மட்டுமே என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்படிக் கேட்கிற காது மாறியது எங்கள் கரையில் மட்டுமல்ல. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே சோசலிட்டோ என்ற ஊரில் படகுவீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு 1980களில் ஒரு தொல்லை வந்தது. கோடை இரவுகளில் தண்ணீருக்கடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழுந்து தூங்கவிடாமல் அடித்தது. கழிவுநீர்க் குழாய் என்றார்கள், கடற்படையின் இரகசியச் சோதனை என்றார்கள். கடைசியில் அது இணை தேடி முனகும் தேரைமீன் என்று தெரிந்தது. ஆண் மீன் கற்களுக்கடியில் கூடு பிடித்து, நொடிக்குச் சுமார் 100 அதிர்வில், விடாமல் ஒலிக்கும். தெரிந்தபிறகு அந்த ஊரார் அந்த மீனுக்கு விழாவே எடுத்தார்கள். சத்தம் மாறவில்லை, அதைக் கேட்டவர்கள் மாறினார்கள்.

அந்த மீனைப் பற்றிப் பின்னாளில் வந்த ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. இணைசேரும் பருவத்தில் பெண் மீனின் காதே மாறுகிறதாம். உடலில் சுரப்புகள் ஏறும்போது, ஆண் மீனின் குரலில் உள்ள மேல் அலைவெண்களை அவளுடைய காது முன்னைவிடக் கூர்மையாகப் பிடிக்கத் தொடங்குகிறது. பருவம் முடிந்தால் அந்தக் கூர்மை குறைகிறது. குரல் அங்கேயே இருக்க, கேட்கிற உறுப்பு அதற்குத் தக்கபடி தன்னை ஆக்கிக்கொள்கிறது. ஒரு மீனுக்கு உடல் செய்து கொடுக்கும் வேலையை நாம் பழக்கத்தால் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்கும் திறமை பிறவியில் வந்தது, அது அவ்வளவுதான் என்று நினைத்திருக்கும் பெற்றோரிடம் நான் இந்த மீனைப் பற்றிச் சொல்வதுண்டு.

வகுப்பிலும் இதன் பலன் தெரிந்தது. ஒரு மாணவி மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசிப்பாள். கெட்டிக்காரி. ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் பிறகு அவள் கண் என் முகத்துக்கு வந்து போகும். காந்தாரம் இடம் சேர்ந்ததா என்பதைத் தந்தியில் கேளாமல் என் புருவத்தில் பார்த்தாள். இதுவும் பயந்த காதுதான். சேர் என்ன சொல்லப்போகிறார் என்பதைக் கேட்கிற காது. அவளைத் திருத்தவில்லை. என் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். சுருதிப் பெட்டி மட்டும் ஒலித்தது. வில் தந்தியில் நின்றது, தயங்கியது, மறுபடி வந்தது. கொஞ்சநேரம் எதுவும் நேராக வரவில்லை. பிறகு அந்தர காந்தாரத்தில் அவளுடைய விரல் ஒரு மயிரிழை மேலே நகர்ந்து, சுருதியோடு ஒட்டி, அங்கேயே நின்றது. “இப்ப சரியா சேர்?” என்றாள். “நீங்க சொல்லுங்க மகள்” என்றேன். “சரிதான்” என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது குரலில் கேள்வி இல்லை.

அன்று முதல் என் மாணவர்கள் எல்லோரிடமும் இருபக்கக் கொப்பி உண்டு. வகுப்புத் தொடங்குமுன் கொஞ்சநேரம் வாயையும் வாத்தியத்தையும் மூடிவைத்துவிட்டு, என்ன கேட்கிறது என்று எழுதுவார்கள். சின்னப் பிள்ளைகள் இடது பக்கத்தை அபாரமாக எழுதுகிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பெரிய பிள்ளைகளுக்குத்தான் வலது பக்கம் நிரம்பி வழிகிறது. போட்டி, புள்ளி, ஒன்பது ஏ, வெளிநாட்டு மாமாவுக்கு அனுப்ப வேண்டிய வீடியோ என்று அவர்களுடைய காதை நாங்கள்தான் நாளைக்குள் நீட்டிவிட்டோம். போர் இல்லாமலேயே பயந்த காதுகளை உண்டாக்குவதில் பெற்றோரும் ஆசிரியர்களும் வெற்றி கண்டிருக்கிறோம். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

வாவியும் இப்போது அமைதியாக இல்லை. வெளி இயந்திரம் பூட்டிய படகுகள் கூடிவிட்டன. விடுதிகளின் ஒலிபெருக்கிகள் நள்ளிரவு தாண்டியும் நீர்மேல் அதிர்கின்றன. மதகுகள் வழியாக வரும் கழிவும் பொலித்தீனும் ஊரி கிடந்த சேற்றை மூடுகின்றன. பாடும் மீனை நகரின் அடையாளமாகப் பதாகையிலும் சின்னத்திலும் எழுதிவைத்திருக்கிற நாங்கள் அதன் வீட்டை இப்படி விடுவது முறையல்ல. சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலேயே இருக்கிறது. இசையும் படிப்பிக்கிறார்கள். வாவி அவர்களுக்குக் கூப்பிடு தூரம். பழைய பாலத்தடியில் நீரடி ஒலிவாங்கி ஒன்றை இறக்கி, ஆண்டு முழுதும் இரவு இரவாகப் பதிந்து, உப்பும் வெப்பமும் நிலவும் காற்றும் எப்படி இருந்தன என்பதையும் கூடவே குறித்துவைத்தால், டெனன்ட் காலத்திலிருந்து தீராத வழக்கு ஒருவேளை எங்கள் பிள்ளைகள் கையாலேயே தீரும். விபுலானந்தர் பெயரில் செய்ய அதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை. பதிவு செய்கிற பிள்ளைகள் கருவியை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடாமல், துடுப்பிலும் காது வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

கேட்க வர விரும்புகிறவர்களுக்குச் சில விவரம். சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள வரட்சிக் காலத்தில் வாருங்கள். மாரி தொடங்கி ஆற்றுவாய் திறந்து வெள்ளம் ஓடினால் ஒன்றும் கேட்காது. காற்று விழுந்தபிறகு, பாலத்தில் வாகனம் குறைந்தபிறகு, கைத்துடுப்புத் தோணியில் போங்கள்; இயந்திரப் படகு வேண்டாம். தோணிக்காரருக்கு அந்த இரவின் வலைக்கூலியைக் கொடுங்கள். பாட்டுக்கு உத்தரவாதம் கேட்காதீர்கள். தொலைபேசியை வீட்டில் வையுங்கள். ஒரு கொப்பி கொண்டுவாருங்கள். கூடவே பேனை வேண்டாம், பென்சில் எடுங்கள். ஈரக் கையில் பேனை எழுதாது.